டோக்கன் கொடுத்தது ஒரு ஊர், ஓட்டுப் போட்டது இன்னொரு ஊர்: வழக்கு எந்த ஊர் கோர்ட்டில்?

நூல்கண்டு எழுதியது:

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஓட்டு மட்டும் இன்னும் சொந்த ஊரில், திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில நாள் முன்னால், எங்கள் ஊர்க்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஒரு கட்சியின் ஆட்கள் வந்தார்கள். வாக்காளர் பட்டியல் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் பெயராக டிக் அடித்து ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். ஊருக்கு வந்து டோக்கனைக் காட்டினால் பணம், பஸ் செலவு மட்டும் அப்போதே கையில். வர யோசித்த சிலருக்கு ஊரிலிருந்தே ஒருத்தர் போனில் பணம் அனுப்பிவிட்டார். நான் பணம் வாங்கவில்லை. ஆனால் டோக்கன் ஒன்று என்னிடம் இருக்கிறது, பணம் வந்த ஸ்கிரீன்ஷாட் ரெண்டு இருக்கிறது, ஒரு ஆடியோவும் இருக்கிறது.

இங்கே ஸ்டேஷனில் கேட்டால் "தேர்தல் நடந்தது அந்த ஊர்ல, அங்க போய் குடுங்க" என்கிறார்கள். அங்கே போனால் "டோக்கன் குடுத்தது திருப்பூர்ல, எங்க லிமிட் இல்லை" என்கிறார்கள். ரிசல்ட் வந்து ரெண்டு மாதம் ஆகப்போகிறது. இதில் யார் சொல்வது சரி?

எதிர்க்கேள்வி எழுதியது:

ரெண்டு பேர் சொல்வதும் தப்பு. தேர்தல் சமாசாரம் எல்லாம் ஹைகோர்ட்தான். அரசியல் சட்டம் 329-இலேயே இருக்கிறது, தேர்தல் வழக்கு தவிர வேறு எந்த வழியிலும் தேர்தலைக் கேள்வி கேட்க முடியாது. அதற்கு 45 நாள் கெடு, அது முடிந்துவிட்டது. வேலையைப் பாருங்கள் சகோ.

கருப்புகவுன் எழுதியது:

எதிர்க்கேள்வி சார் ரெண்டு வேறு வேறு கதவைப் போட்டுக் குழப்புகிறார். 329(பி) தடுப்பது தேர்தல் செல்லுமா செல்லாதா என்று கேட்பதைத்தான். 1952-இல் பொன்னுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுவே. நம்ம நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியானவர் போட்ட வழக்கு அது. தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் வழக்காக வா, நடுவில் ரிட் போடாதே என்றார்கள். ஜெயித்தவரின் வெற்றியை ரத்து செய்ய வேண்டும் என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951 பிரிவு 80ஏ-படி உயர் நீதிமன்றம்தான், தொகுதியில் ஓட்டுள்ள யாரும் போடலாம், பிரிவு 81-இன் கெடு 45 நாள். ஒரு நாள் தாமதமானாலும் மன்னிக்க வழியில்லை. அந்தக் கதவு மூடிவிட்டது, உண்மைதான்.

ஆனால் ஓட்டுக்குப் பணம் கொடுப்பது தனியாக ஒரு குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐபிசி) 171பி, 171ஈ. இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பிஎன்எஸ்) 170, 173. ஒரு வருடம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். இதை விசாரிப்பது முதல் வகுப்பு மேஜிஸ்ட்ரேட். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதோடு இதற்குச் சம்பந்தமே இல்லை, தோற்றவர் பணம் கொடுத்திருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

எந்த ஊர் மேஜிஸ்ட்ரேட் என்பதற்குத் தேர்தல் சட்டத்தில் தனி விதி எதுவும் கிடையாது. பொது விதிதான் இதற்கும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 197 (பழைய சிஆர்பிசி 177): குற்றம் எந்த எல்லைக்குள் நடந்ததோ அங்கே. 198: ஒரு பகுதி இங்கே, ஒரு பகுதி அங்கே நடந்திருந்தால் ரெண்டில் எந்த ஊரிலும். 199: செயல் ஒரு இடம், அதன் விளைவு இன்னொரு இடம் என்றாலும் அப்படியே. குற்றவாளியின் வீடு எங்கே, உங்கள் ஓட்டு எங்கே என்று இந்தப் பிரிவுகள் கேட்பதே இல்லை.

நூல்கண்டு விஷயத்தில் கவனிக்க வேண்டியது பிஎன்எஸ் 170-இன் உட்பிரிவு 2. பணம் கொடுத்தால்தான் லஞ்சம் என்று இல்லை, கொடுப்பதாகச் சொன்னாலே, கொடுக்க ஒப்புக்கொண்டாலே, கொடுத்ததாக அர்த்தம். ஆகவே டோக்கன் கை மாறிய நிமிடமே திருப்பூரில் குற்றம் முழுசாக முடிந்துவிட்டது. ஊரில் டோக்கனை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தது அங்கே நடந்த குற்றம். போனில் அனுப்பியது அங்கிருந்து கிளம்பி இங்கே வந்து சேர்ந்தது. ரெண்டு ஊருக்கும் அதிகாரம் இருக்கிறது. ரெண்டு ஸ்டேஷனும் தட்டிக்கழித்திருக்கிறார்கள்.

வாசகி72 எழுதியது:

இப்போதெல்லாம் ஜீரோ எஃப்ஐஆர் என்று ஒன்று இருக்கிறதே? எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும், பிறகு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று படித்தேன். அதைக் காட்டிக் கேட்கலாமே?

கருப்புகவுன் எழுதியது:

கேட்கலாம் மேடம், ஆனால் இங்கே அது பலிக்காது. பிஎன்எஸ்எஸ் 173-இல் வருவது காக்னிசபிள் குற்றத்துக்கு, அதாவது கோர்ட்டைக் கேட்காமல் போலீஸே வழக்குப் பதியக்கூடிய குற்றத்துக்கு மட்டும். ஓட்டுக்கு லஞ்சம் நான்-காக்னிசபிள். ஊரே பார்க்க நடக்கிற பணப்பட்டுவாடாவை மேஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது, பிரிவு 174. தமிழ்நாட்டில் தேர்தல் முடிந்ததும் இந்த வழக்குகள் வரிசையாக ரத்தாவதற்கு இதுதான் பெரிய காரணம். எஃப்ஐஆரில் 171ஈ போட்டிருப்பார்கள், மேஜிஸ்ட்ரேட்டிடம் முன் அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள், எதிர்தரப்பு ரத்து மனு போடும், ஹைகோர்ட் ரத்து செய்யும். கூடவே அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதற்கான ஐபிசி 188 போட்டிருந்தால் (இப்போது பிஎன்எஸ் 223) அதுவும் நிற்காது. அந்தப் பிரிவில் போலீஸே எஃப்ஐஆர் போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரி எழுத்து மூலமாக கோர்ட்டில் புகார் தர வேண்டும் என்று 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அதே தப்பைச் செய்கிறார்கள் என்றால் அது தெரியாமல் செய்வதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கள்ள ஓட்டு மட்டும் காக்னிசபிள். ஒரே தேர்தல், ஒரே அத்தியாயம், ஒரே ஒரு வருடத் தண்டனை. கள்ள ஓட்டுப் போட்டவனைப் போலீஸ் உடனே பிடிக்கலாம், ஆயிரம் பேருக்குப் பணம் கொடுத்தவனைப் பிடிக்க கோர்ட் உத்தரவு வேண்டும்.

பழைய_பறக்கும்படை எழுதியது:

வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ரெண்டு மூன்று தேர்தலில் பறக்கும் படையில் ஓடியிருக்கிறேன். கருப்புகவுன் தம்பி சொல்வது சரி, களத்தில் இடப்பிரச்சினை எப்படி வரும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் ஆப்பில் புகார் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். போட்டோவோ வீடியோவோ நீங்கள் எங்கே நின்று எடுக்கிறீர்களோ அந்த இடத்தை அதுவே பதிவு செய்து அந்த மாவட்டத்துக்குத்தான் அனுப்பும். யாருடைய தொகுதிக்கான பணம் என்று அது பார்க்காது. நூல்கண்டு அன்றைக்கே லைன் வீட்டு வாசலில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தால் திருப்பூர் படை வந்திருக்கும். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் கணக்கு. ஆனால் தேர்தல் நேரத்தில் மட்டும்தான் அது வேலை செய்யும், இப்போது பயனில்லை.

அப்புறம் வண்டியில் பிடிக்கிற பணம். ஒரு மாவட்டத்தில் ஏற்றி, இன்னொரு மாவட்டம் வழியாக வந்து, மூன்றாவதில் கொடுக்கப் போகிற வழியில் மடக்கினால் எந்த ஊர்? பயணத்தின்போது நடந்த குற்றம் என்றால் அந்த ஆளோ பொருளோ கடந்து போன எந்த எல்லையிலும் விசாரிக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது (பிஎன்எஸ்எஸ் 203). நாங்கள் அவ்வளவு யோசிக்க மாட்டோம், மடக்கின இடத்து ஸ்டேஷன்தான். பணம் யாருக்குப் போகிறது என்று நிரூபிக்கிற வேலை அதன் பிறகு யார் தலையிலும் இல்லை, வியாபாரப் பணம் என்று ரசீது காட்டி வாங்கிப் போய்விடுவார்கள். பல பேருடையது நிஜமாகவே வியாபாரப் பணம்தான், அதையும் சொல்லியாக வேண்டும்.

எதிர்க்கேள்வி எழுதியது:

சரி, கோர்ட் என்றே வைத்துக்கொள்வோம். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-இல் ஆர்.கே.நகர். 2019-இல் வேலூர். பணப்பட்டுவாடா என்று தேர்தலையே ரத்து செய்தார்கள். அதன் பிறகு மறுபடி தேர்தல் நடந்தது, அதே கட்சிகள் நின்றன. தேர்தலையே நிறுத்துகிற அளவுக்கு ஆதாரம் இருந்த இடத்திலேயே இந்த நிலைமை என்றால், ஒரு டோக்கனை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்ய முடியும்? இன்னொன்று, பணம் வாங்கினவனும் குற்றவாளி என்று 170-இலேயே இருக்கிறது. இவர் நண்பர்களைத்தானே முதலில் உள்ளே தள்ளப் போகிறார்?

கருப்புகவுன் எழுதியது:

தேர்தலை ரத்து செய்வது ஆணையத்தின் அதிகாரம். அதில் யாரையும் குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை, சூழ்நிலை கெட்டுவிட்டது என்று திருப்திப்பட்டால் போதும். ஒரு ஆளைத் தண்டிக்க சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். ரெண்டுக்கும் அளவுகோல் வேறு.

வாங்கியவர் பற்றிச் சொன்னது நல்ல கேள்வி. தேர்தல் வழக்காக இருந்திருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் பிரிவு 95 என்று ஒரு ஏற்பாடு உண்டு: சாட்சி சொல்ல வந்தவர் தன்னையே மாட்டிவிடும் கேள்விக்கும் உண்மையாகப் பதில் சொன்னால் உயர் நீதிமன்றம் ஒரு பாதுகாப்புச் சான்று தரும், அந்த விஷயம் பற்றி லஞ்ச வழக்கு வந்தால் அதைக் காட்டித் தப்பிக்கலாம். மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் அது கிடையாது. 45 நாள் போனதில் உண்மையான நஷ்டம் இதுதான் என்று நான் சொல்வேன். அதனால் இப்போது சாட்சியாக வர வேண்டியது நூல்கண்டு மாதிரி வாங்காதவர்கள். டோக்கனைக் கையில் திணித்தபோது பக்கத்தில் நின்ற, தானும் வேண்டாம் என்று சொன்ன இன்னும் ஒருத்தர் இருந்தால் வழக்கு நிற்கும். பணம் வாங்கியவரின் ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுபோவதற்கு முன் அவரிடம் கேளுங்கள், அது அவருக்கு எதிரான ஆதாரமும்கூட.

நூல்கண்டு எழுதியது:

வேண்டாம் என்று சொன்னவர்கள் நான் தவிர இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தர் பக்கத்து ரூம் அக்கா. அப்படியென்றால் திருப்பூரா ஊரா, எதைத் தேர்ந்தெடுப்பது? ஊரில் போட்டால் என் அப்பா அங்கே தனியாக இருக்கிறார், அது ஒரு யோசனை.

வாசகி72 எழுதியது:

இதே மாதிரி எல்லைக் கேள்வி பிரமாணப் பத்திர வழக்கிலும் வரும். வேட்பாளர் சென்னையில் நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டிருப்பார், சொத்து இன்னொரு மாவட்டத்தில் இருக்கும், மனு தாக்கல் மூன்றாவது இடத்தில். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 125ஏ-படி பொய்யான பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ததுதான் குற்றம், ஆக தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுத்த இடம் முக்கியம். 2023-இல் முன்னாள் முதல்வர் ஒருவர் மீது இப்படி வந்த புகாரில் புகார்தாரர் தேனி மாவட்டத்துக்காரர், ஆனால் தொகுதி சேலம் மாவட்டம் என்பதால் சேலம் கோர்ட்டில்தான் போட்டார், அந்த கோர்ட் சொல்லித்தான் சேலத்தில் போலீஸ் வழக்குப் பதிந்தது. குற்றச்சாட்டு உண்மையா என்பது வேறு விஷயம், நான் சொல்வது இடம் பற்றி மட்டும்.

இரட்டை இலை சின்னத்துக்காக லஞ்சம் பேசியதாக 2017-இல் வந்த வழக்கும் அப்படித்தான். கட்சி தமிழ்நாட்டுக் கட்சி, இடைத்தேர்தல் சென்னையில். வழக்குப் போட்டது டெல்லி போலீஸ், ஏனென்றால் இடைத்தரகர் என்று சொல்லப்பட்டவர் பிடிபட்டது டெல்லியில்.

ஓசூர்க்காரன் எழுதியது:

எங்கள் பக்கம் இது தினசரி விஷயம். ஆள் பெங்களூரில் வேலை, ஓட்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கூட்டம் நடத்துவது பெங்களூரில் ஒரு மண்டபத்தில். மாநிலம் மாறினால் எப்படி? அதே மாதிரி வாட்ஸ்அப்பில் "உங்கள் பூத்தில் ஓட்டுப்பதிவு தள்ளிப்போனது" என்று பொய்யாக ஒரு செய்தி சுற்றியது, அனுப்பியவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது.

கருப்புகவுன் எழுதியது:

மாநிலம் மாறுவதால் விதி மாறாது, அதே 197, 198, 199 தான். பெங்களூரில் பேரம் பேசியிருந்தால் பெங்களூர் கோர்ட்டும் சரி, பணம் கிருஷ்ணகிரியில் கொடுத்திருந்தால் கிருஷ்ணகிரியும் சரி. வெளிநாட்டில் இருந்து செய்தது என்றால்தான் 208 வரும், குற்றம் முழுக்க அங்கே நடந்திருந்தால் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் இங்கே விசாரணை நடத்த முடியாது.

வாட்ஸ்அப் கொஞ்சம் சிக்கல். செய்தி அனுப்பிய இடம், வந்து சேர்ந்த இடம் ரெண்டிலும் வழக்கு என்று 202 சொல்கிறது, பலரும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அது ஏமாற்று சேர்ந்த குற்றங்களுக்கு எழுதியது. தேர்தல் பொய்ச் செய்தியில் 199-ஐப் பிடிப்பதுதான் பலம்: விளைவு வாக்காளர் இருக்கிற இடத்தில். அதற்காக செய்தி வந்த ஒவ்வொரு ஊரிலும் ஒரு வழக்குப் போடலாமா என்றால், ஒரே சம்பவத்துக்கு ரெண்டாவது எஃப்ஐஆர் கூடாது என்று 2001-இல் டி.டி.ஆண்டனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஒருவர் மேல் வெறுப்புள்ள ஆட்சி பல ஊரில் எஃப்ஐஆர் போட்டு அலைக்கழிப்பதற்கு அதுதான் தடை. இடவிதி புகார் கொடுப்பவருக்காக மட்டும் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பாற்றவும் இருக்கிறது, இதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

நூல்கண்டு, உங்களுக்கு என் யோசனை திருப்பூர். டோக்கன் கொடுத்தது இங்கே, வாங்க மறுத்த மூன்று பேரும் இங்கே. சாட்சி ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறிப் போகவேண்டிய வழக்கு பாதியில் செத்துப்போகும். தனிப்புகாராக, அதாவது போலீஸ் வழியாக இல்லாமல் நேரே மேஜிஸ்ட்ரேட்டிடம் போடுங்கள், பிஎன்எஸ்எஸ் பிரிவு 223. புதுச் சட்டத்தில் எதிர்தரப்புக்கு ஒரு வாய்ப்பு கொடுத்துக் கேட்ட பிறகுதான் மேஜிஸ்ட்ரேட் புகாரைக் கோப்பில் எடுப்பார், அதனால் விஷயம் முதல் நாளிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும், தயாராக இருங்கள். ஆடியோ, ஸ்கிரீன்ஷாட்டுக்குப் புதிய சாட்சியச் சட்டம் 63-இன் சான்றிதழ் வேண்டும். கெடு ஒரு வருடம் (514), ஆகவே பதற்றம் வேண்டாம், சோம்பலும் வேண்டாம்.

பழைய_பறக்கும்படை எழுதியது:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. குற்றம் சாட்டப்படுகிறவர்கள் எல்லாம் திண்டுக்கல் மாவட்டத்தில் குடியிருப்பவர்கள். எல்லைக்கு வெளியே இருக்கிற ஆளுக்கு சம்மன் அனுப்புவதற்கு முன் மேஜிஸ்ட்ரேட் ஒரு விசாரணை நடத்தியோ நடத்தச் சொல்லியோ ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதல்லவா? அதிலேயே மாதங்கள் ஓடும். வாக்காளர் பட்டியல், தேர்தல் அலுவலர், கட்சியின் பூத் ஏஜென்ட் நியமனக் கடிதம் எல்லாம் அங்கேதான். டோக்கனில் இருக்கிற எண்ணும் பட்டியலின் பாகம் எண்ணும் பொருந்துகிறதா என்று காட்டினால்தான் அது ஓட்டுக்கான டோக்கன் என்று நிற்கும், இல்லாவிட்டால் துணிக்கடை டோக்கன் என்பார்கள்.

கருப்புகவுன் எழுதியது:

ஐயா சொல்லும் விதி 225. உண்மைதான், தாமதம் ஆகும். ஆனால் அந்த விசாரணையில் நம் மூன்று சாட்சிகளும் உள்ளூரிலேயே வந்து சொல்லிவிடலாம், ஒருவகையில் நமக்கு அது நல்லது. பட்டியல் பொது ஆவணம், சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். டோக்கன் எண் பாயிண்ட் அருமை, அது எனக்குத் தோன்றவில்லை. நூல்கண்டு, உடனே ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதிர்க்கேள்வி எழுதியது:

திருப்பூர் கோர்ட் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டால்? இன்னொன்று, அந்த ஆட்களில் எம்எல்ஏ யாராவது இருந்தால் சென்னை சிறப்பு நீதிமன்றம் என்கிறார்களே.

கருப்புகவுன் எழுதியது:

அதிகாரம் இல்லை என்றால் சரியான கோர்ட்டில் கொடு என்று எழுதிப் புகாரைத் திருப்பிக் கொடுப்பார், 224. நல்லெண்ணத்தோடு தவறான கோர்ட்டில் செலவான காலம் கெடுவில் கழிக்கப்படும், 516. ஒருவேளை விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்த பிறகு இடம் தப்பு என்று தெரிந்தாலும், அதனால் நியாயம் கெட்டது என்று காட்டினால் ஒழிய தீர்ப்பு விழாது, 508.

எம்பி, எம்எல்ஏ மேல் என்றால் உச்ச நீதிமன்றம் 2017-இல் தொடங்கிவைத்த சிறப்பு நீதிமன்ற ஏற்பாடு. சென்னையில் ஒன்று இருக்கிறது. மேஜிஸ்ட்ரேட் விசாரிக்க வேண்டிய வழக்கை மேஜிஸ்ட்ரேட் அந்தஸ்து சிறப்பு நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும், நேரே செஷன்ஸுக்குக் கொண்டுபோய் ஒரு அப்பீல் வாய்ப்பைப் பறிக்கக் கூடாது என்று 2021-இல் தெளிவுபடுத்தினார்கள். நூல்கண்டு பெயர் சொல்லப்போவது டோக்கன் கொடுத்தவர்களை. வேட்பாளருக்கு எதிராக ஆதாரம் இல்லாமல் ஆசைக்காக அவர் பெயரைச் சேர்க்காதீர்கள், மொத்தப் புகாரும் பலவீனமாகும்.

ஒரு வருடத் தண்டனைக்கு இவ்வளவு அலைச்சலா என்று அடுத்து கேட்பீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 8-ஐப் பாருங்கள். இந்தக் குற்றத்தில் வெறும் அபராதம் கட்டினாலே ஆறு வருடம் எந்தச் சட்டமன்றத்துக்கும் நிற்க முடியாது. டோக்கன் கொடுத்த ஆட்களில் அடுத்த முறை சீட் கேட்கப் போகிறவர் ஒருவராவது இருப்பார்.

நூல்கண்டு எழுதியது:

பார்த்தேன். டோக்கனில் மேலே உள்ள எண் எங்கள் பாகம் எண்தான், கீழே கையால் எழுதியிருப்பது பட்டியலில் என் வரிசை எண். திருப்பூரிலேயே போடுகிறேன். அக்கா வருவதாகச் சொல்லிவிட்டார், இன்னொருத்தர் வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். பணம் வாங்கிய பையனின் ஸ்கிரீன்ஷாட்டை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன், அவனுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது.

பழைய_பறக்கும்படை எழுதியது:

டோக்கனை லேமினேட் கிமினேட் செய்து வைத்துவிடாதீர்கள். மடிக்காமல் ஒரு கவரில் போட்டு, யார் எப்போது எங்கே கொடுத்தது என்று தனித்தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். அந்தக் கையெழுத்து யாருடையது என்று ஊரில் யாருக்காவது தெரியுமா என்று அப்பாவிடம் போனில் கேட்காமல், நேரில் போகும்போது கேளுங்கள்.